அறுபதைத் தாண்டிய இருவர் மட்டும் இருக்கும் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககம் குரோம்பேட்டையில் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரு, டல்லாஸ் என்று போய்விட்டதால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் மட்டும்தான். மாலையில் கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அடிபிடித்த பால், காணாமல் போன கண்ணாடி, மாற்றிப் போட்ட மாத்திரை என்று வந்து நிற்கும். அங்கே கேட்கப்படும் கேள்விகளையும், வெளியூரிலிருந்து மகன்களும் மகள்களும் போனில் கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "வயசாயிடுச்சு, கவனமே இல்ல" என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் கட்சி. வீட்டில் எதை மாற்றினால் சரியாகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவம் சம்பந்தப்பட்டதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை. டிவியில் செய்தி படிப்பது எல்லாம் கேட்கிறது. வேணும்னே செய்கிறாரா?

இந்தச் சந்தேகம் இல்லாத வீடே கிடையாது. வேணும்னே செய்கிறவர்களும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. வயதாகிக் காது மந்தமாகும்போது முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் அடித்தொண்டையில் பேசும் எதிர்வீட்டு மாமா சொல்வது நன்றாக விழும், மனைவி சொல்வது விழாது. இதில் மனைவியின் கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது, கணவரின் முழிப்புக்கும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, சத்தம் கேட்கும், சொல் புரியாது. உயிரெழுத்து ஓசை பலமானது, அது காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ச, த, க மாதிரியான மெய்யோசைகள் நைந்துபோகும். மிச்சத்தை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒரு நாள் சாயங்காலம் நான் சமையலறையிலிருந்து "கதவைச் சாத்துங்க" என்றேன். இவர் எழுந்து வந்து, டம்ளரையும் டவராவையும் எடுத்து, நின்ற இடத்திலேயே காபியை ஆற்றத் தொடங்கிவிட்டார். கதவு பாட்டுக்குத் திறந்து கிடந்தது, கொசு பாட்டுக்கு உள்ளே வந்தது. "காபியை ஆத்துங்கன்னுதானே சொன்னே?" என்று கேட்டபோது முகத்தில் துளி விளையாட்டு இல்லை.

டிவி கேட்பதற்குக் காரணம், அவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வாயசைவு தெரிகிறது, கீழே எழுத்தும் ஓடுகிறது. நாமோ குழாயைத் திறந்துவிட்டு, மிக்ஸியை ஓட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி அடுத்த அறைக்குப் பேசுகிறோம். நல்ல காதுள்ளவருக்கே அது விழாது. முதலில் "ஏங்க" என்று மட்டும் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கட்டும். அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை இன்னும் பெரிதாகக் கத்தாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். கத்தினால் ஒலி சிதையும், பக்கத்து வீட்டுக்குத்தான் தெளிவாகக் கேட்கும்.

காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. சில சமயம் வெறும் அழுக்குதான் அடைத்துக்கொண்டிருக்கும் (அதற்காகப் பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம், அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்). காது மெஷின் தேவை என்று சொன்னால் வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். முதல் சில வாரம் பாத்திரச் சத்தம், செய்தித்தாள் புரட்டும் சத்தம் எல்லாம் பூதாகரமாகக் கேட்கும். வீட்டுக்குள் தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழகினால் மூளை ஒத்துப்போகும். மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியலில் கவனிக்காமல் விட்ட காது மந்தத்தையும் மருத்துவர்கள் சேர்த்திருக்கிறார்கள். "எனக்கு என்ன வயசா ஆயிடுச்சு" என்று தட்டிக் கழிப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு பேருமே வீட்டில் இருக்கிறோம். அப்படியும் பால் பொங்கி அடிபிடிக்கிறதே, எப்படி?

இரண்டு பேர் இருப்பதால்தான். "நீ பார்த்துக்கறேன்னு நெனச்சேன்" என்ற வாக்கியம் இல்லாமல் அடிபிடித்த பால் கிடையாது. எங்கள் வீட்டில் சட்டம், அடுப்பைப் பற்றவைத்தவர்தான் அணைக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் அணைத்துவிட்டுப் போ. கைமாற்றுவதானால் வாயால் சொல்லி, எதிராளி "சரி" என்று சொன்ன பிறகே நகர வேண்டும்.

வயது ஏற ஏற மூக்கும் மழுங்கும். நாற்பது வயதில் அடிபிடிக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும், எழுபதில் பாத்திரம் கருகிய பிறகுதான் தெரிகிறது. இது மெதுவாக நடப்பதால் நமக்கே உறைக்காது. அதனால் மூக்கை நம்பாமல் காதுக்கோ கைக்கோ வேலை கொடுங்கள். சுற்றிலும் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சும், விசில் அடிக்கும் பால் குக்கர் நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. பாத்திரத்தின் மேல் குறுக்கே மரக் கரண்டி வைத்தால் பொங்குவது கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. ஆடைக்கு அடியில் ஆவி தேங்கித்தான் பால் மேலே எழும்புகிறது, கரண்டி அந்த ஆடையைக் கிழிக்கும், அவ்வளவுதான். போனில் அலாரம் வைக்கலாம். போனை எங்கே வைத்தோம் என்பது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

மூக்கு மழுங்கினால் கேஸ் கசிவது எப்படித் தெரியும்?

இதுதான் எனக்கும் பயம். சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனையே கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றமே தெரியாத மூக்கு என்றால், கேஸ் கசிந்தால் ஒலி எழுப்பும் கருவியைச் சுவரில் கீழ்ப்பக்கமாகப் பொருத்துங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத்தான் பரவும்.

கசிவு என்று சந்தேகம் வந்தால் லைட், ஃபேன் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்குள்ளிருந்து போன் செய்யாதீர்கள். ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு டியூபைக் குனிந்து பார்த்து எத்தனை நாளாயிற்று? குனிய முடியாவிட்டால் சிலிண்டர் போட வரும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும்முன் ரெகுலேட்டரை மூடுவது ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும். இரண்டு பேரும் போய்த் திருகினால், மூடியதை இன்னொருவர் திறந்துவிட்டு வரும் கூத்தும் நடக்கும்.

குக்கர் விசிலே வரவில்லை. என்ன செய்வது?

அணைத்துவிட்டு ஆற விடுங்கள். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். ஆறிய பிறகு ஆவி வரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தளர்ந்த கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். பருப்புக்குப் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. விசில் எண்ணும் வேலையைக் காது மந்தமானவரிடம் கொடுத்தால் பருப்பு பாயசமாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. சந்தேகம் இருந்தால் போடாமல் விட்டு, அடுத்த வேளை வழக்கமானதை மட்டும் போடுவதுதான் பெரும்பாலான மாத்திரைகளுக்குப் பொருந்தும். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. எந்த மாத்திரைக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே வராமல் இருக்க ஏழு நாள் டப்பா இருக்கிறது, மருந்துக் கடையில் கிடைக்கும். நாளுக்கு மூன்று அறை உள்ளதாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக நிரப்பிவிட்டால் வாரம் முழுதும் அறை காலியா இல்லையா என்று பார்த்தாலே போதும். எங்கள் வீட்டில் இரண்டு டப்பா, அவருக்கு நீலம், எனக்குச் சிவப்பு. ஒரே நிறத்தில் வாங்கிப் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். கண்ணாடி போடாத காலை ஆறு மணிக்குப் பெயர் தெரியாது, நிறம் தெரியும்.

அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்து எடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டியது, காபிக்கு அரைமணி நேரம் முன்னதாகவாவது. காபியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. சர்க்கரை மாத்திரையில் இதற்கு நேர் எதிர் ஆபத்து. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைப் போட்டுவிட்டு, "சீரியல் முடியட்டும்" என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அவர் மாத்திரையை நான் போட்டுவிட்டேன்!

பதறி வாந்தி எடுக்க முயல வேண்டாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்து பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் படித்துச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது, பிரஷர் மாத்திரை என்றால் தாமதிக்கக் கூடாது.

பாத்ரூமில் வழுக்கி விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

வீட்டில் மற்ற எல்லா அறைக்கும் சேர்த்துச் செலவு செய்வதைவிட இந்த ஒரு அறைக்குச் செய்யுங்கள். நாற்பது வயதில் ஆசைப்பட்டுப் போட்ட பளபள டைல்ஸ்தான் இன்றைக்கு எதிரி.

சுவரில் பிடிகம்பி பொருத்துங்கள். நாம் எல்லோரும் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது துண்டு போடும் கம்பியைத்தான். அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. பிடிகம்பியைச் சுவரில் ஆழமாகத் துளை போட்டு இறுக்க வேண்டும், பொருத்திய பிறகு வீட்டிலேயே கனமான ஆள் தொங்கிப் பார்க்க வேண்டும். கம்மோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. குளிப்பதற்கு நாலு கால் கெட்டியான ஸ்டூல், காலடியில் ரப்பர் பிடிப்புள்ளது. வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து மொண்டால் தலை சுற்றும், அதையும் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் கதவுக்கு மேலேயே சாய்ந்து கிடப்பார், வெளியிலிருந்து தள்ள முடியாது. தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாம். அது ஆகாவிட்டால் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். இருப்பது இரண்டே பேர், அதுவும் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனவர்கள், தாழ்ப்பாள் எதற்கு? விருந்தாளி வந்தால் "உள்ளே ஆள்" என்று ஒரு அட்டையை மாட்டிக்கொள்ளட்டும்.

ராத்திரி எழுந்து போவதுதான் அதிகம் ஆபத்து. பிரஷருக்கும் பிராஸ்டேட்டுக்கும் போடும் சில மாத்திரைகள் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். கண் விழித்ததும் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், காலை நாலு தடவை ஆட்டுங்கள், பிறகு எழுந்திருங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சிறிய விளக்கு எரியட்டும். "அவ தூக்கம் கெட்டுடும்" என்று இருட்டிலேயே தடவிக்கொண்டு போகும் கணவன்மார்கள் நிறைய. விழுந்தால் அவள் தூக்கம் மாதக்கணக்கில் கெடும்.

விழுந்துவிட்டால்?

உடனே கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தூக்கப் போனவர் மேலேயே விழுந்து இரண்டு பேரும் கிடந்த கதை எங்கள் பிளாக்கிலேயே உண்டு. ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். எங்கே வலிக்கிறது, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையானதுபோலவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தால் அசைக்கவே வேண்டாம், 108. வலி இல்லை என்றால் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடுங்கள். அவர் ஒருக்களித்து, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்துத் தானே எழுந்திருக்கட்டும். தலையில் அடிபட்டிருந்து, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர் என்றால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அவர் ஸ்டூல் மேல் ஏறாமல் எப்படித் தடுப்பது?

சொல்லித் தடுக்க முடியாது. ஸ்டூலையே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், முக்கியமாக அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலை. ஃபேன் துடைக்க வளைந்த தலையுள்ள நீளத் துடைப்பம் கடைகளில் இருக்கிறது. பரண்மேல் இருக்கும் அண்டா, குண்டான்களை மகனோ மகளோ வரும்போது இறக்கி, வேண்டாததைக் கொடுத்துவிட்டு, வேண்டியதை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடிக்கடி புழங்குவது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தால் ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இந்த வகை வீர சாகசம்தான். ஊற்றியே தீருவேன் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, "நல்ல தண்ணிதானே" என்று குடிக்கிற தண்ணீரும் கூடாது, அதிலுள்ள உப்புகள் பேட்டரியைக் கெடுக்கும்.

கண்ணாடி, சாவி, போன் மூன்றையும் தேடியே பாதி நாள் போகிறது. இது மறதி நோயா?

கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடுவதற்குப் பெயர் வயது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சாதாரணம். சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது சாதாரணம் இல்லை. முப்பது வருஷமாக வைக்கும் ரசத்தில் ஒரு நாள் பெருங்காயம் விட்டுப்போகலாம். புளியைக் கரைத்த பிறகு அடுத்து என்ன என்று திகைத்து நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். போய்வந்து பழகிய கடைத்தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, கணக்கில் புலியாக இருந்தவர் சில்லறைக்குத் தடுமாறுவது, எல்லாம் அப்படித்தான். போனவுடன் பெரிய நோய் என்று முடிவு கட்டிவிட மாட்டார்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

தேடலைக் குறைக்க வாசல் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போடுவதை இவர் "லைப்ரரியன் மாதிரி இருக்கு" என்று மறுத்தார். இப்போது பூஜையறையில் ஒன்று, டிவி பக்கத்தில் ஒன்று என்று பழைய கண்ணாடிகளே ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. போனை ஒருபோதும் சைலண்டில் போடாதீர்கள், மற்றவர் போனிலிருந்து அடித்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு போனும் ஒன்றாகக் காணாமல் போனால் பக்கத்து வீட்டுப் பெண்தான் கதி.

பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தபோது கதவு சாத்திக்கொண்டுவிட்டது. சாவி உள்ளே, அடுப்பும் எரிகிறது.

இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு உள்ள வீடுகளில் இது நடக்கும். ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில், இன்னொன்று வேறு மாடியில். இரண்டு இடம் எதற்கு என்றால், நாம் வெளியே நிற்கும் அன்றைக்குத்தான் அவர்கள் திருப்பதிக்குப் போயிருப்பார்கள். உள்ளே இருப்பவருக்குக் காது மந்தம் என்றால் காலிங் பெல் அடிக்கும்போது விளக்கும் எரிகிற மாதிரி எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளலாம். காலையில் வெளியே காலை வைக்கும்முன் கதவுக்கு ஒரு தடுப்பு வையுங்கள், எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பழைய அம்மிக் குழவி செய்கிறது.

சாம்பாரில் உப்பு இல்லை என்கிறார், எனக்குச் சரியாக இருக்கிறதே?

நாக்கும் மூக்கும் சேர்ந்து மங்குகின்றன, ஆளுக்கு ஒரு வேகத்தில். உப்பைக் கூட்டாதீர்கள், பிரஷர் ஏறும். எலுமிச்சை, மிளகு, கொஞ்சம் தாராளமாகப் பெருங்காயம், கறிவேப்பிலை. திடீரென்று ருசியே தெரியவில்லை என்றால் புதிதாகத் தொடங்கிய மாத்திரையாலும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒருவருக்கு ஃபேன் வேகமாக வேண்டும், இன்னொருவருக்குக் குளிர்கிறது.

இரண்டு கட்டில், அல்லது இரண்டு அறை. பேரன் பேத்தி எடுத்த பிறகு இதில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குறட்டைக்கும் இதே பதில். குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க பேங்க்குக்கே போக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழ் 2014 முதல் இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழாமல் அல்லாடியவர்களுக்காக முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021ல் வந்தது. சிறு கட்டணம் கொடுத்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்தும் செய்து கொடுப்பார்.

போனில் செய்யும்போது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். இவர் தபால் ஆபீஸில் போட்டோ எடுக்க நின்ற பழக்கத்தில் கண் கொட்டாமல் விறைத்து உட்கார்ந்திருந்தார். "சிமிட்டுங்க" என்றால் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டுகிறார், அதுவும் என்னைப் பார்த்து. ஆப் ஏற்றுக்கொள்ளவில்லை.

போலீஸ் என்று சொல்லி வீடியோவில் ஒருவன் பேசினான். பயமாக இருக்கிறது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. போனை வையுங்கள். "யாரிடமும் சொல்லாதே, மனைவியிடமும் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் உடனே மனைவியைக் கூப்பிடுங்கள். இன்று இரவு கரண்ட் கட் என்று வரும் மெசேஜ், வங்கிக் கணக்கு முடங்கும் என்ற மிரட்டல் எல்லாம் அதே ஜாதி. பணம் வாங்குவதற்கு ஒருநாளும் பின் நம்பர் போடத் தேவையில்லை, பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். பெரிய தொகை எதுவானாலும் இருவரும் பேசிவிட்டு மறுநாள்தான் அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

வெளியே போவதில் ஏதாவது சலுகை?

சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. 60 வயது தாண்டிய ஆண்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 டோக்கன். அதனால் எங்கள் வீட்டில் காய்கறி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது, "உனக்குத்தான் ஃப்ரீயாச்சே" என்கிறார். ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. அந்த டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பேரனையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டு, நடு பெர்த்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கீழே விழுந்ததையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா? பதறுவார்களே.

சொல்லுங்கள். ஆனால் அவர் ஒரு கதை, நீங்கள் ஒரு கதை என்று தனித்தனியாகச் சொல்லாதீர்கள். "ஒண்ணுமில்லடா" என்று அப்பா சொல்லி, அரை மணி நேரம் கழித்து அம்மா அழுதுகொண்டே முழுதையும் சொன்னால், அடுத்த முறை நிஜமாகவே ஒன்றுமில்லாதபோதும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: "கேமரா வச்சுடறேன்" என்பதை முதல் பதிலாகச் சொல்லாதீர்கள். பிடிகம்பிக்குப் பணம் அனுப்புங்கள், அடுத்த முறை வரும்போது பரணை இறக்குங்கள்.

சமையல் அவளுக்கு, பேங்க் அவருக்கு என்றே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இப்போது போய் மாற்றிக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். ஒருவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் மற்றவருக்குச் சோறும் வேண்டும், பணமும் வேண்டும். அவருக்குச் சாதம், ரசம், உப்புமா, கஞ்சி நான்கும் தெரிந்திருந்தால் போதும். கற்றுக்கொடுக்கும்போது சமையலறையில் நிற்காமல் வெளியே போய்விடுங்கள். நின்றால் "அப்படி இல்ல, இப்படி" என்று கரண்டியைப் பிடுங்கிவிடுவோம். இவர் வைத்த முதல் ரசத்தில் புளி கரைசல் அப்படியே பச்சையாக மிதந்தது. குடித்துவிட்டேன். இப்போது என் ரசத்துக்கே மிளகு போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

அவளுக்குத் தெரிய வேண்டியவை: ஏடிஎம் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் கட்டுவது, டெபாசிட் எந்த வங்கியில், எந்தத் தேதியில் முடிகிறது என்பது. சேமிப்புக் கணக்கு இருவர் பெயரிலும் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் இருக்கட்டும். மத்திய அரசு ஓய்வூதியம் வரும் கணக்கையும் மனைவியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தாலும் பின்னால் அலைச்சல்தான், அதைத் திருத்த அவர் கையெழுத்துப் போடத் தெம்பாக இருக்கும்போதே மனுக் கொடுத்துவிட வேண்டும். எல்லாக் கணக்குக்கும் நாமினி போட்டிருக்கிறதா என்பதும் அப்படியே.

இவற்றை ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வைத்து, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். பின் நம்பரை மட்டும் அதில் எழுத வேண்டாம்.